நங்கூரம் கட்டிய ஏரோப்ளேன்

எண்ணூர் குப்பம்
10.2.2025

அன்புள்ள பவுனு,

புயல் அடிச்சு, ஆத்துல எண்ணெய் மிதந்து, வலையெல்லாம் தார் பூசினாப்ல ஆன வருஷம்தான் போட்டு ரிப்பேர் பண்ற இன்னாசியோட ஷெட்டுத் தரையில சாக்பீஸால ஏரோப்ளேன் வரைஞ்சோம். தொழில் இல்லாம குந்திகினு இருந்த கை. அன்னைக்கு நீயும் சிரிச்சே. இப்போ சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டு பைப்பு, பைபர் உடம்பு, பைக் இன்ஜின்னு முழுசா நிக்கறப்போ, நான் ஏறக்கூடாதுன்னு மகள் வூட்டுக்குப் போயிட்டே. போனும் எடுக்கறதில்ல. அதான் நம்ம வெற்றி பொண்டாட்டி ரேகாவை எழுதச் சொல்றேன்.

ஒரு பேஜாரு. போட்டுக்கு இன்ஜின் பின்னாலதானே? அந்தப் பழக்கத்துல இதுக்கும் பின்னாலயே வச்சிட்டோம். நான் ஏறினதும் வால் தரையில குந்திக்கிச்சு, மூக்கு வானத்தைப் பார்க்குது. மூக்குல நம்ம நங்கூரத்தைக் கட்டினேன். இப்போ நேரா நிக்குது.

வூட்டுக்காரி சூடம் காட்டாம என்னைக்காவது புதுப் போட்டைத் தண்ணியில வுட்டிருக்கோமா? வந்து காட்டிட்டுப் போ.

உன்
பொன்ராஜ் (கைநாட்டு)

பெரம்பூர்
16.2.2025

வெற்றி நைனாவுக்கு,

நான் சொல்ல மக வினிதா எழுதறா. மாத்திரை அலமாரி மேல்தட்டுல கீது.

ஊர்ல எல்லாரும் நிக்கறதுக்கு நங்கூரம் போடுவாங்க. நீ பறக்கறதுக்குக் கட்டிகீறே. அது எங்க நைனா சீரா குடுத்தது. நீயும் நங்கூரமும் கீழே விழுந்தா எதை முதல்ல தூக்குவேன்னு உனக்கே தெரியும்.

எழுபது தாண்டின மனுஷனுக்குச் சூடம் காட்டி வானத்துக்கு அனுப்ப என்னால ஆவாது. நீ அதை வுட்டு எறங்கினாத்தான் வருவேன்.

பவுனம்மாள்

எண்ணூர் குப்பம்
2.3.2025

பவுனு,

நங்கூரத்தை அவுத்து உங்க நைனா படத்துக்குக் கீழே வச்சிட்டேன். இன்ஜினை முன்னால மாத்தினோம். நேத்து உப்பளத்துப் பாதையில ஓட்டினேன். ஆட்டுக்கிடா உயரம் எழும்பிச்சு. அப்புறம் சேத்துல குந்திக்கிச்சு. எனக்கு ஒண்ணும் ஆவல, சக்கரம்தான் கோணிக்கிச்சு.

குப்பமே கை தட்டிச்சு. படம் புடிச்சாங்க. தாத்தா சூப்பர்னாங்க. ஒருத்தரும் திட்டல. வூட்டுக்கு வந்து படுத்தா, பறந்த மாதிரியே இல்ல.

இப்போ ஷெட்டுல ஏரோப்ளேன் மேலயே உக்காந்துகினுதான் சொல்றேன், ரேகா கீழே நின்னு எழுதறா. நம்ம பையன் வெற்றி கெஞ்சறான். இன்னாசி மரியாதையா "எறங்குங்கண்ணே"ன்றான். அதுக்கெல்லாம் எறங்கற ஆளா நான்? நான் எறங்கினா வருவேன்றே. நீ வந்தாத்தான் நான் எறங்குவேன். எங்க அம்மா ஒரு அதட்டு போட்டா கட்டுமரத்துலேர்ந்தே குதிச்சிடுவேன், அது போயிடுச்சு. எங்க அண்ணன் ராமதாஸ் காதைத் திருகியே எறக்குவாரு, அவரும் போயிட்டாரு. என்னை அதட்டி எறக்க இன்னும் உசுரோட கீறது ஒரே ஆளு, பவுனம்மாள்.