செல்வா எடுத்த அளவுகள்

கோலசிலாங்கூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள திலகாவுக்கு,

ஆக்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டதாக உன் அம்மா சொன்னார். முகவரியும் அவர்தான் கொடுத்தார். நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். அம்மாவுக்குக் கால்வலி கொஞ்சம் தேவலை. போன வாரம் கிளினிக்குக் கூட்டிப் போய் வந்தேன்.

கம்போங் குவாந்தானுக்கு மேலே ஆற்றங்கரை மரங்களுக்கு, வெட்டுவதற்கு அடையாளமாகச் சிவப்புச் சாயம் பூசிவிட்டார்கள். தங்கும் விடுதி வரப்போகிறதாம். சில மரங்களை ஏற்கெனவே சாய்த்துவிட்டார்கள். மின்மினிகள் அடையும் மரங்கள் என்று அதிகாரியிடம் சொன்னேன். வாயால் சொன்னால் போதாது, ஆதாரம் கொண்டு வா என்றார். அடுத்த மாதம் விசாரணை.

நம் குழு மரம் மரமாக எடுத்த அளவுகள்தான் ஆதாரம். அது முழுக்க உன் இணையக் கணக்கில் இருக்கிறது. நீ அதைப் பூட்டிய பிறகுதான் வேறு யாரிடமும் ஒரு நகல்கூட இல்லை என்பது எங்களுக்கே உறைத்தது. ஈஜோக் ஊரில் ஆற்றைக் கவனிக்கும் குழுவின் தங்கராஜு அண்ணனிடம் போய் நின்றேன். முன்பு நாங்கள் கேட்டபோது உங்கள் குழு தரவில்லையே என்றார். பிறகு மனமிரங்கித் தங்கள் அளவுகளைக் கொடுத்தார். அவர்கள் தண்ணீரைத்தான் சோதித்திருக்கிறார்கள், மரங்களைக் கணக்கெடுக்கவில்லை. இடங்களுக்கு அவர்கள் வைத்த பெயரும் வேறு. நம் குழுவின் குமரவேலும் நானும் எவ்வளவோ முயன்றோம், ஒன்றும் பொருந்தவில்லை.

நீ ஏன் பூட்டினாய் என்று எனக்குத் தெரியும். கணக்கெடுக்கப் போன படகு கவிழ்ந்து உன் தம்பி போனான். பாதுகாப்பு ஜாக்கெட் ஏன் கொடுக்கவில்லை என்று கேள்வி வரும் என்று பயந்து, நம் குழு நிர்வாகிகள் அறிக்கையிலிருந்து செல்வாவின் பெயரையே எடுத்துவிட்டார்கள். அவன் எடுத்த அளவுகள் மட்டும் வேண்டும், அவன் வேண்டாமா என்று கூட்டத்தில் கேட்டாய். உன்னோடு நானும் எழுந்து வெளியே வந்தேன்.

அந்த நிர்வாகிகள் விலகிவிட்டார்கள். மிச்சம் இருப்பது நாங்கள் நாலைந்து பேர்தான். இனி ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் எடுத்தவர் பெயர் இருக்கும். எல்லாக் குழுக்களிடமும் ஒரு நகல் இருக்கும். செல்வாவின் பெயரை விசாரணையில் நானே வாசிப்பேன். குரல் உடைந்தாலும் வாசித்து முடிப்பேன்.

திறந்து கொடு, திலகா. உன்னால் முடியாதென்றால் அதையாவது என்னிடம் சொல். ஞாயிறுதோறும் நீ அம்மாவிடம் பேசும்போது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறேன். அம்மா உன்னிடம் சொல்வதில்லை. அடுத்த முறை, போனை ஷாமளாவிடம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
ஷாமளா