சேவியர் அண்ணன் கொண்டு வந்த பாட்டில்கள்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். வெளிச்சம் இல்லை, படம் எடுக்க முடியாது. வாளியில் கடலிலிருந்து வந்த ஆறு பழைய பாட்டில், வினிகரில் ஊறுகின்றன. ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு இன்னும் விடவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். தெருவே மெழுகுவர்த்தியும் பூவுமாகப் போனது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஜெரோமுக்குக் கல்லறை கிடையாது. சங்கு குளிக்கக் கடலுக்குப் போனவர். இரண்டு வருடம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. பங்குச் சாமியார் இறந்தவருக்கான பூசை வைக்கலாம் என்கிறார். உடலைப் பார்க்காமல் செத்தவர் என்று எந்த வாயால் சொல்வது?

வாங்க: பபிள் ராப், பழைய பேப்பர், நொய் (பாட்டிலுக்குள் போட்டுக் குலுக்க). மதுரைக்கு விற்ற மை புட்டியை அனுப்ப வேண்டும்.

நவ. 5, புதன்

வெயில். ஜன்னலில் வைத்து எடுத்தேன். சதுர ஜின் பாட்டில், கரும்பச்சை, கழுத்து கொஞ்சம் கோணல். இன்ஸ்டாவில் போட்டதும் கொச்சிக்காரர் வந்துவிட்டார். வழக்கமாக வாங்குபவர். "நீங்கள் அனுப்பும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சிவப்புப் பவளம் ஒட்டியிருக்கிறது. ஒரே இடத்தில் எடுப்பதா? எந்த இடம்?"

நான் கேட்டதே இல்லை. கொண்டுவருபவர் சேவியர் அண்ணன். ஜெரோமோடு ஒரே வள்ளத்தில் சங்கு குளித்தவர். அன்று ஜெரோம் மேலே வராதபோது முதலில் குதித்தவரும் அவர்தான். "சங்குக்குப் போகையில கெடச்சுது, வித்துக்கோ" என்று சாக்கோடு வைத்துவிட்டுப் போவார். காசு தொட மாட்டார்.

போன் போட்டேன். "கடல்ல எங்கனயோ கெடந்துச்சு. விடு தங்கச்சி." கட்.

நவ. 6, வியாழன்

வாடைக்காற்று. பின்சுவரில் காயவைத்த பாட்டில்கள் ஊதின. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். ஒன்று மட்டும் ஆள் இருமுவது போல. போய் எல்லாவற்றையும் கவிழ்த்தேன். கவிழ்த்த பிறகும் கேட்டது.

மருந்து பாட்டிலுக்குள் சேறு. குச்சி விட்டுக் கிளறினேன். நண்டுக்கால், சிப்பித்துண்டு. சேற்றை நான் அப்படியே கொட்டுவதில்லை. வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்ப்பேன். எதைத் தேடுகிறேன் என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

நவ. 8, சனி

பாக்கியம் அக்கா வந்தாள், சேவியர் அண்ணன் மனைவி. காப்பி வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை.

"ஏளா ஸ்டெல்லா, இந்த பாட்டிலெல்லாம் எங்கன இருந்து வருதுன்னு நெனச்ச?"

தெரியாது என்றேன்.

"ஒம் மாப்பிள்ள போன எடம்ளா. இவுக சங்க விட்டுட்டு அங்கனதான் எறங்குதாவ. அவரத் தேடுதாவ. கெடைக்கது பாட்டிலுதான். காதுல ரத்தம் வருது, கேட்டா சளிங்காவ. இப்ப தண்ணி வேற கலங்கிக் கெடக்கு. எம் புருசனையும் அங்கன விட்டுறாத."

போய்விட்டாள். அலமாரியைப் பார்த்தபடி நின்றேன். எல்லாம் ஜெரோம் பக்கத்தில் கிடந்தவை. நானோ தேய்த்துத் தேய்த்துக் கழுவி, விலை போட்டு, ஊர் ஊராக அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. அக்கா சொன்னதும் முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. இன்னும் கொஞ்சம் தேடட்டுமே என்றுதான் தோன்றியது. சீ.

சாப்பிடவில்லை.

நவ. 9, ஞாயிறு

பூசை முடிந்து நேராகக் கடற்கரை. சேவியர் அண்ணன் வலை நிழலில் இருந்தார். இடது காதில் பஞ்சு.

"அண்ணே, தேடுனது போதும்."

யார் சொன்னது என்று கேட்கவில்லை. மணலைப் பார்த்தே பேசினார். "ஒரு பாறை இருக்கு தங்கச்சி. அடியில குகை கணக்கா பொடவு. கைய விட்டா கண்ணாடிதான் வருது. இன்னும் உள்ள போகணும்."

"ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்கா என்ன செய்வா?"

"அன்னைக்கு அவன அங்கன எறங்கச் சொன்னது நாந்தான். வெறுங்கையோட ஒம் வீட்டு வாசல்ல எப்பிடி வந்து நிப்பேன்?"

அதற்குத்தான் பாட்டில்.

எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

நவ. 11, செவ்வாய்

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம். அப்படியும் சேவியர் அண்ணன் நாளை போகிறாராம். அக்கா போனில் அழுதாள்.

கொச்சிக்காரருக்கு: "இனி இல்லை." அவர்: "இன்னும் ஒன்றே ஒன்று?" பதில் போடவில்லை.

நவ. 12, புதன்

விடிந்ததும் கரைக்கு ஓடினேன். வள்ளத்தைத் தள்ள நின்றார். காற்றில் கத்த வேண்டியிருந்தது.

"அண்ணே, அவுக எங் கனவுல வந்தாவ."

நின்றுவிட்டார்.

"வெள்ளச் சட்டை. தல காஞ்சிருந்துச்சு. நல்லா இருக்கேன், இனி தேட வேண்டாம்னு சேவியர்ட்ட சொல்லுன்னாவ."

"என் பேரச் சொன்னானா?"

"சொன்னாவ."

அப்படியே மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுது முடியும்வரை நின்றேன். பிறகு வள்ளத்தை மேலே இழுக்க ஆள் கூப்பிட்டார். "இனி போகல தங்கச்சி." பாக்கியம் அக்கா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரும் வழியில் சாமியார் வீடு. பூசைக்குப் பெயர் கொடுத்தேன். ஜெரோம். இறந்தவர் என்றே சொன்னேன். வாய் வந்தது.

இந்த இரண்டு வருடத்தில் அவர் ஒரு நாள்கூட என் கனவில் வந்ததில்லை. இன்றாவது வரட்டும். ஏன் பொய் சொன்னாய் என்றாவது கேட்கட்டும்.