விசையில் இல்லாத விரல்

ஆல்டர் லேக், மிச்சிகன்
14 செப்டம்பர் 2015

அன்புள்ள தம்பி கர்ட்டுக்கு,

அக்கா ஹைடி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி நலம் என்று வைத்துக்கொள், மீதியைக் கீழே எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. படகு எஞ்சின் சத்தத்தில் காதில் விழாது என்று ஒரு முறை சொன்னாய், நானும் நம்பினேன். ஆனால் ஏழு வருடமாகவா அந்த எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது? அதனால்தான் கொடியாக் தீவில் உன் தபால் பெட்டிக்கு எழுதுகிறேன். காகிதத்துக்குக் காது தேவையில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய படம் இன்னும் என் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. அந்தப் பெரிய மீனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நம் கர்ட்தானா, தாடிக்குள் வேறு ஆளா என்று என் வீட்டுக்காரர் ரஸ் கேட்கிறார். முடி வெட்டிக்கொள்ளப்பா.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பெர்னியின் துப்பாக்கிக் கடைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்ததாம். அப்பா அதைப் படித்துவிட்டு, அப்படியே பிய்த்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். மற்றவர்கள் படிக்க வேண்டாமா என்று பெர்னி பின்னாலேயே போன் செய்து கத்தினான். அப்பாவின் துப்பாக்கியைச் செய்த கம்பெனி போட்ட அறிவிப்பு அது. இந்த வகைத் துப்பாக்கிகளில் சில, பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புப் பூட்டைத் திறக்கும்போது, விசையில் விரல் படாமலேயே வெடித்துவிடலாம். உடனே உபயோகத்தை நிறுத்துங்கள், எங்களுக்கு அனுப்புங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம். இவ்வளவுதான். முழுதாக ஒரு பக்கம்கூட இல்லை.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அப்பா காப்பியைத் தொடவில்லை. ஏலக்காய் ரொட்டி வைத்தேன், அதையும் தொடவில்லை. நான் சுட்ட ரொட்டியை அப்பா தொடாமல் போனது இதுதான் முதல் தடவை.

நாம் மூவரும் அந்த நாளைப் பற்றி ஒருமுறைகூடச் சேர்ந்து உட்கார்ந்து பேசியதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். உனக்குப் பதினாறு, எனக்குப் பத்தொன்பது. மான் வேட்டை தொடங்கிய முதல் நாள், சாயங்காலம். அந்த வருடம்தான் அப்பா தன் துப்பாக்கியை உன் கையில் கொடுத்திருந்தார். வண்டியில் ஏறுவதற்கு முன் தோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம், அப்பா சட்டத்தைவிடக் கண்டிப்பு. தோட்டாவை எடுக்க வேண்டுமானால் அந்தத் துப்பாக்கியில் பூட்டைத் திறந்தாக வேண்டும். நீ வெளியே நின்று அதைத்தான் செய்துகொண்டிருந்தாய். நான் உள்ளே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெடித்தது. குண்டு வண்டிக் கதவு வழியாகப் போய் அந்தப் பக்கம் நின்ற அப்பாவின் முழங்காலில் பாய்ந்தது. நீ விசையைத் தொடவே இல்லை என்றாய். தொட்டாய் என்று அப்பா சொன்னார். மன்னிப்புக் கேட்டுவிடு, முடிந்துவிடும் என்று அம்மா சொன்னார். நீ கேட்கவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோதும் தேவாலயத்தில் கடைசி வரிசையில்தான் நின்றாய்.

அப்பா அந்தத் துப்பாக்கியை மாற்றவே இல்லை. பத்தொன்பது வருடம் அதே காலை இழுத்துக்கொண்டு, அதே துப்பாக்கியோடுதான் காட்டுக்குப் போனார். ஒரு தடவைகூடத் தானாக வெடிக்கவில்லை. அவருக்கு அதுதான் உனக்கு எதிரான சாட்சி. துப்பாக்கியை நம்பினார், பெற்ற பிள்ளையை நம்பவில்லை.

நேற்று நான் அங்கே போனபோது சானா நீராவிக் குளியலறைக்குப் பின்னால் மணல்மேட்டைப் பார்த்து நின்றிருந்தார். தோட்டாவைப் போட்டு, பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். விரலை விசையிலிருந்து தள்ளி நீட்டி வைத்திருந்தார். உபயோகிக்காதே என்றுதானே எழுதியிருக்கிறது, வேண்டாம் என்று கெஞ்சினேன். காதில் வாங்கவில்லை. நாற்பது தடவை செய்தார், நானும் எண்ணினேன். ஒரு தடவையும் வெடிக்கவில்லை. "வெடிக்கலையே" என்றார். யாராயிருந்தாலும் நிம்மதியாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. அப்பா அதைத் தோற்றுப்போனவர் போலச் சொன்னார்.

அனுப்பிவிடுங்கள், அவர்கள் பிரித்துப் பார்த்துச் சொல்வார்கள் என்றேன். சம்மதித்திருக்கிறார். உனக்கு இது தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். வேறு சிலவும் எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹைடி


ஆல்டர் லேக்
2 பிப்ரவரி 2016

அன்புள்ள கர்ட்,

போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. திரும்பி வரவில்லை, அதனால் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டேன். இங்கே பனி ஜன்னல் விளிம்புவரை ஏறிவிட்டது. பனி தள்ளும் மெஷினோடு ரஸ் தினமும் சண்டை போடுகிறார், மெஷின்தான் ஜெயிக்கிறது.

துப்பாக்கி இன்னும் வரவில்லை. அதை அனுப்புவதே பெரிய கதை. எங்கள் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும், பெட்டியை நாங்கள் அனுப்பிவைப்போம் என்றது கம்பெனி. அந்த அட்டைப்பெட்டி வந்து சேரவே ஏழு வாரம். அப்பா இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மடித்து, பொட்டலம் கட்டும் நூலால் விசை வளையத்தில் கட்டினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். விரல் படாமல் இது வெடிக்குமா வெடிக்காதா என்று சொல்லுங்கள், கழற்றிய பாகத்தை எனக்கே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருப்பதாகச் சொன்னார். அதற்கு எதற்கு இரண்டு பக்கம் என்று நான் கேட்கவில்லை.

ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் என்றார்கள். பன்னிரண்டு முடிந்ததும், இன்னும் பன்னிரண்டு என்கிறார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்கு அப்பா சமையலறைப் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போன் செய்கிறார். முக்கால் மணி நேரம் அவர்கள் பாட்டுப் போடுகிறார்கள். அந்தப் பாட்டு அவருக்கு மனப்பாடம். கோழிக்குத் தீவனம் போடும்போது அதைத்தான் முனகுகிறார், கோழிகளுக்கும் இப்போது தெரிந்திருக்கும். கடைசியில் டாரா என்று ஒரு பெண் எடுப்பாள். பாவம், நல்ல பெண். "உங்க துப்பாக்கி வரிசையில இருக்கு சார்" என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் மகனுக்குப் பல் முளைத்தது வரை அப்பாவுக்குத் தெரியும். சொந்தப் பிள்ளையைப் பற்றி அவ்வளவு தெரியாது என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஊரில் ஆளாளுக்குக் கம்பெனியைத் திட்டுகிறார்கள். பெர்னி கடையில் பதினொரு பேர் துப்பாக்கி இல்லாமல் வேட்டைக் காலத்தைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு வேறு யாருடைய துப்பாக்கியோ திரும்பி வந்ததாம், அதில் "ராண்டி" என்று பெயர் செதுக்கியிருந்ததாம். அப்பா நவம்பரில் நம் வேட்டைக் குடிசைக்குப் போய் வெறுங்கையோடு உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

பெர்னி ஒரு நாள் அவரிடம், அந்தக் கம்பெனியைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள், திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள், வேறு நல்ல விசையை நானே போட்டுத் தருகிறேன், அரை மணி நேர வேலை என்றிருக்கிறான். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெர்னிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் ரிப்பேருக்காகக் காத்திருக்கவில்லை, கர்ட். பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

இனி நலமில்லாத அந்த மீதிப் பாதி. அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. கோழிக்கூட்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறார். ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று மார்க்வெட் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். "முதல்ல துப்பாக்கி வரட்டும்" என்கிறார் அப்பா. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

போன் மணி அடித்தாலே எனக்குத் திக்கென்கிறது. கம்பெனியோ, ஆஸ்பத்திரியோ என்று. ஒரு வரி எழுதேன்.

அன்புடன்,
ஹைடி


ஆல்டர் லேக்
16 அக்டோபர் 2016

அன்புள்ள தம்பி கர்ட்டுக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கடைசிவரை படி. பாதியில் கிழித்துப் போடத் தோன்றினால், முதலில் முடித்துவிட்டு அப்புறம் கிழி.

துப்பாக்கி புதன்கிழமை வந்தது. பெட்டியைப் பிரிக்க அப்பா என்னை வரச் சொல்லியிருந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே துப்பாக்கி, ஒரு துண்டுக் காகிதம். விசைப் பகுதி மாற்றப்பட்டது. சோதிக்கப்பட்டது. நன்றாக இயங்குகிறது. தாமதத்துக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான். கழற்றிய பாகம் இல்லை. பெட்டியின் மூலையில் அப்பாவின் கடிதம் கிடந்தது. வளையத்திலிருந்து நூலை வெட்டி எடுத்து அப்படியே போட்டிருக்கிறார்கள். கடிதத்தைச் சுற்றி அப்பா போட்ட முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை. பதினொரு மாதம் அது அங்கே இருந்தது, ஒருவரும் படிக்கவில்லை.

அப்பா போன் செய்தார். டாரா வேலையை விட்டுப் போய்விட்டாளாம். போனை எடுத்த புதுப் பையன், பழைய பாகங்களை உடனுக்குடன் அழித்துவிடுவோம், எது பழுது, எது நல்லது என்று தனித்தனியாக எழுதி வைப்பதில்லை என்று சொல்லிவிட்டான். அப்பா அவனைத் திட்டவில்லை. நன்றி சொல்லி வைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்து, "இனி எதை வச்சு அவன்கிட்டப் பேசுவேன்?" என்றார். அப்புறம் தலையைத் தூக்காமலே, "நீ பாத்தேன்னுதானே சொன்ன, ஹைடி" என்றார்.

நான் பார்க்கவில்லை, கர்ட்.

வண்டிக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. சத்தம் கேட்ட பிறகுதான் கையால் துடைத்துப் பார்த்தேன். அப்போது நீ துப்பாக்கியைப் பனியில் போட்டுவிட்டு அப்பாவிடம் ஓடிக்கொண்டிருந்தாய். உன் விரல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது, ஆமாம், விசையில்தான் இருந்தது, பார்த்தேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அப்பாவிடமும் அதையே சொன்னேன்.

ஏன் என்று கேட்பாய். வெடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் நான் வண்டி ஹாரனை அடித்தேன், ஞாபகம் இருக்கிறதா? குளிருது, சீக்கிரம் ஏறுடா என்று கத்தினேன். ஹாரன் சத்தத்தில்தான் உன் கை தவறியது, எல்லாம் என்னால்தான் என்று நினைத்துப் பதறிப்போனேன். யாராவது அந்த ஹாரனைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, உன் விரலைக் காட்டிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. உன்மேல் அத்தனை பேரும் பாய்ந்தபோதும், அக்கா ஹாரன் அடித்தாள் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை.

கம்பெனிக்காரர்களை நானும் எல்லோரோடும் சேர்ந்து வாய் கிழியத் திட்டினேன். அவர்கள் எடுத்துக்கொண்டது பதினொரு மாதம். நான் எடுத்துக்கொண்டது இருபது வருடம்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. அந்த இதயத்தோடு வேண்டாம் என்று ஓடிப்போய்க் கோடாலியைப் பிடித்துக்கொண்டேன். மரக்கட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "நீ பொய் சொன்ன. ஆனா நம்பினது நான்தானே" என்றார். அதற்கு மேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

உன் நம்பரை எழுதித் தரச் சொன்னார். கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்திருக்கிறார், ஆனால் அழைக்கவில்லை. "நான் கூப்பிட்டா வச்சுடுவான்" என்கிறார். ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார். நவம்பர் பத்தாம் தேதி. எழுபது வயது உடம்பு, எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்பா எழுதிய அந்தக் கடிதத்தை அவர் சொன்னபடி இத்துடன் வைத்திருக்கிறேன், முடிச்சோடு. கம்பெனிக்கு எழுதியதைக் கர்ட்டுக்கு எதற்கு என்று கேட்டேன். முதல் நாலு வரிதான் கம்பெனிக்கு என்றார். நான் அவிழ்க்கவில்லை. அது உன் வேலை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. கேட்பது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா இப்போதும் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். அவர் அழைப்பதற்கு இனி அங்கே யாருமில்லை, ஆனாலும் உட்காருகிறார். உனக்கு அப்போது காலை ஆறு மணி, நீ எழுந்திருப்பாய். எஞ்சினைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கூப்பிடு, தம்பி. முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

கடலில் பத்திரமாக இரு.

உன் அக்கா,
ஹைடி