சிவப்புச் சீலையில் ஒரு நல்வரவு

புதுச் சீலையின் கஞ்சி மணம் இன்று பின்னேரம் முதல் வீட்டை நிறைத்திருக்கிறது. பள்ளிக்கூட அதிபர் கொடுத்துவிட்ட சிவப்புச் சீலைத் துணி அது. நாளை காலை பள்ளிக்கூட வாசலில் கட்ட வேண்டும். வெள்ளைத் துணியில் எழுத்து வெட்டி, 'நல்வரவு' என்று அம்மாவும் நானும் தைத்து முடித்துவிட்டோம். கயிறு கோக்கும் மேல் மடிப்பு மட்டும் மிச்சம். அதை நான் தைக்கிறேன் என்று சொல்லி அம்மாவைப் படுக்க அனுப்பினேன். குப்பி விளக்கின் திரியைத் தாழ்த்தி, தையல் மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து இதை உனக்கு எழுதுகிறேன். நாய் குரைக்கும்போதெல்லாம் சீலையை இழுத்துத் தாளை மூடுகிறேன். நான் எப்போதும் பயந்தவள்தான். உனக்குத் தெரியாததா?

முதல் சீலையும் இதே நிறம். பக்கத்து நாட்டு இராணுவம் அமைதி காக்க வருகிறது என்று வானொலி சொன்ன நாட்களில், எங்கள் குடியேற்றத் திட்டத்துச் சந்தியில் கட்டுவதற்காக அம்மா தைத்தது. அன்று ஊரே சந்தியில் நின்றது. லொறிகளில் வந்தவர்களுக்குப் பூமாலை, இளநீர், ஆரத்தி. நீயும் உன் அப்பாவும் பிந்தித்தான் வந்தீர்கள். ஆரத்தித் தட்டோடு நின்ற என் காதுக்குள் நீ சொன்னாய்:

"என்னாடி இது, சம்பந்தி வூட்டுக்காரங்க வந்த மாதிரி?"

"வாயை மூடு. எங்களைக் காப்பாத்த வந்தவங்கள்."

"சம்பந்தி வூட்டுக்காரங்களும் மொத நாளு நல்லாத்தான்டி சிரிப்பாங்க."

உன் அப்பா சிரிக்கவில்லை. வெற்றிலையை மென்றபடி லொறிகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ரெண்டு நாடு கைய குலுக்கிக்கிட்டா நம்ம கையில மூட்டைதாம்மா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தேயிலைத் தோட்டத்துச் சனங்களை இரண்டு நாடுகள் ஒரு தாளில் பங்கு போட்ட கதை அவருக்குத் தெரியும். உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று. அந்தப் பங்கில் அவருடைய அண்ணன் கப்பல் ஏறினார். பிறகு எழுபத்தேழுக் கலவரத்தில் லயத்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். உன் அப்பா நாலு வயதான உன்னைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார். இதையெல்லாம் அன்று யார் கேட்டார்கள்? எங்கள் வயலில் கூலிக்கு நின்ற மனிதன் நாடுகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தோம். எங்கள் குசினியில் உனக்கென்று ஒரு தனிக் குவளை இருந்தது. மற்றவர்களை இகழ்வதற்கு முதல் அதை எழுதிவிடுகிறேன்.

ஆனால் இகழாமல் இருக்க முடியவில்லை. 'நட்பு நாடு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது. அரசாங்கத்துக்கு நட்பு நாடுகள் இருந்தன. ஒன்று விமானம் கொடுத்தது, ஒன்று சுடப் பழக்க ஆட்களை அனுப்பியது. எங்களுக்கும் ஒரு நட்பு நாடு இருந்தது. எங்கள் அண்ணன்மாருக்குத் துவக்கும் தோட்டாவும் கொடுத்துப் பழக்கியது அது. பிறகு அதே துவக்கைக் காணோம் என்று எங்கள் கூரையைப் பிரித்ததும் அதுதான். பெரியவர்கள் மேசையில் இருந்து கையெழுத்துப் போட்டார்கள், படம் எடுத்தார்கள். எங்களுக்கு வந்து சேர்ந்தது பதுங்குகுழி. பள்ளிக்கூடத்தை முகாமாக்கி, எங்கள் வலைப்பந்துத் திடலில் மண்மூட்டை அடுக்கினார்கள். வகுப்பு வாங்குகளை உடைத்து எரித்து ரொட்டி சுட்டார்கள். நாங்கள் மருதமரத்துக்குக் கீழே, கடுகெண்ணெய்ப் புகையில் இருமி இருமி, குடியியல் படித்தோம்.

நீ மட்டும் அப்போதும் ஒன்றை நம்பினாய். மருந்தகத்து மிஸ் நடத்திய முதலுதவி வகுப்பில் கொடுத்த மெல்லிய புத்தகம். காயப்பட்டவரைத் தூக்குபவரைச் சுடக்கூடாது என்று அதில் ஒரு விதி இருந்தது. சிவப்புச் சிலுவை அடையாளம் அணிந்தவரைத் தொடக்கூடாது, இது நாடுகள் ஒப்புக்கொண்ட சட்டம் என்று எழுதியிருந்தது. நீ அதைத் தேவாரம் போலப் பாடமாக்கினாய்.

"இவங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்கடி," என்றாய்.

"எடி விசரி, சென்றியில துவக்கோட காவல் நிக்கிறவன் உன்ர புத்தகத்தை வாசிச்சவனோ?"

"வாசிக்கலன்னா நான் போய் வாசிச்சுக் காட்டுறேன். சட்டம்னா சட்டம்தானே?"

அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, சந்தியிலிருந்து கழற்றி வைத்திருந்த அந்தச் சிவப்புச் சீலையைக் கேட்டாய். கைப்பட்டியில் சிலுவை தைக்க வேண்டுமாம்.

"வெட்டு, வெட்டு," என்றா அம்மா. "இனி அதைக் கட்டுற வேலை வராது."

நீ இரண்டு சிலுவை வெட்டினாய். ஒன்றை உன் பழைய பள்ளிச் சட்டைத் துணியில் அங்கேயே இருந்து தைத்தாய். மற்றதை என்னிடம் நீட்டினாய்: "இது ஒனக்கு. தைச்சுக்க."

"நாளைக்குத் தைக்கிறன்," என்றேன்.

நான் தைக்கவில்லை. தைத்தால் போட வேண்டி வரும் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாளை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. நல்ல மத்தியானம். வாய்க்கால் வீதியில், சைக்கிளில் பேக்கரிப் பாண் விற்கும் பாண்காரரைச் சுட்டுவிட்டார்கள். சென்றிக்காரன் நில் என்று தன் பாஷையில் கத்தினானாம், அவர் சைக்கிளை நிறுத்தவில்லையாம். அவர் வெயிலில் கிடந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். பாண் எல்லாம் வீதியில் சிதறிக் கிடந்தது. வீடுகளின் படலைகள் சாத்தியிருந்தன. நீயும் நானும் மதகுக்குக் கீழே பதுங்கியிருந்தோம். நீ புத்தகப் பையிலிருந்து கைப்பட்டியை எடுத்துக் கட்டினாய்.

"நானும்..." என்று தொடங்கினேன்.

"ரெண்டு பேருக்கு ஒரு பட்டிதானே இருக்கு. நீ இங்கேயே இரு," என்றாய்.

நீ ஓடவில்லை. ஓடினால் சந்தேகப்படுவார்கள் என்று வீதியின் நடுவில் நடந்தாய். சிலுவை தெரியும்படி கையை உயர்த்திப் பிடித்திருந்தாய். பாண்காரருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாய். ஒரு வெடி. நீ திரும்பிச் சென்றியைப் பார்த்து, கைப்பட்டியை மற்றக் கையால் தொட்டுக் காட்டினாய். பிறகு இரண்டாவது வெடி.

பாண்காரரைச் சுட்ட பிறகு, இந்த இரண்டைத் தவிர வேறு வெடி கேட்கவில்லை. அந்த வீதியில் வேறு யாரும் இல்லை. உங்கள் இருவரையும் எடுக்கப் பொழுது சாய்ந்த பிறகுதான் விட்டார்கள். பாண்காரரும் இறந்திருந்தார்.

மூன்றாம் நாள் அவர்களுடைய அதிகாரி உங்கள் வீட்டுக்கு வந்தார். பிஸ்கற் பெட்டியும் சீனிப் பையும் கொண்டுவந்தார். மினுக்கிய சப்பாத்து, வாசனைத் திரவியம். நீயும் பாண்காரரும் சண்டையில் இரண்டு பக்கத்துச் சூட்டுக்கு நடுவில் அகப்பட்டுவிட்டீர்கள் என்று வருந்தினார். தமிழ் தெரிந்த சிப்பாய் மொழிபெயர்த்தான். உன் அப்பா கைகட்டியபடி கேட்டார்: "சீனியெல்லாம் வேணாங்க ஐயா. சுட்டது யாருன்னு மட்டும் எழுதிக் குடுங்க." சிப்பாய் அதை மொழிபெயர்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி தலையசைத்து, உன் அப்பா நன்றி சொன்னதாக எடுத்துக்கொண்டு போனார்.

அதே அதிகாரிதான் நாளை வருகிறார். பள்ளிக்கூடத்தின் பாதியை எங்களுக்குத் திருப்பித் தருவார். எங்களுடையதை எங்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு விழா. ஆளுக்கு இரண்டு கொப்பியும் தருவாராம், அட்டையில் இரண்டு கொடிகள் போட்டு. நன்றியுரை வாசிக்க என்னைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். தாளை அவர்களே எழுதி அனுப்பினார்கள். அதில் ஒரு வரி: 'இரு தரப்புச் சூட்டினிடையே தற்செயலாக அகப்பட்டு உயிர்நீத்த எமது சக மாணவி.' எங்கே இருந்தது அந்த மற்றத் தரப்பு? தண்ணீர்ப் போத்தலா? பாணா?

அதிபரிடம் மாட்டேன் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து கெஞ்சினார்.

"நாலு வரி, பிள்ளை. வாசிச்சுப்போட்டு இறங்கு. கொண்ணையை நினை."

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள். முகாமுக்குள் இருந்து ஒரு முறை அவன் சத்தம் கேட்டது என்று அம்மா சொல்கிறா. விழா நல்லபடி முடிந்தால் நாளை மத்தியானம் விடுவார்களாம். இதையும் அந்த அதிகாரி சிரித்தபடிதான் சொன்னாராம்.

ஆகவே நான் வாசிப்பேன். அந்த வரியையும் சேர்த்து, தடக்காமல் வாசிப்பேன். உன்னைப் போல வீதியின் நடுவில் நடக்க என்னால் முடியாது. அண்ணன் வீட்டுக்கு வரட்டும். நீ கோபிக்கமாட்டாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் நடந்ததை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று இதை எழுதினேன். எங்கே ஒளிப்பது என்றுதான் இவ்வளவு நேரமும் யோசித்தேன். சோதனைக்கு வருபவர்கள் அரிசிப் பானையைக் கொட்டுகிறார்கள். தலையணையைக் கிழிக்கிறார்கள். சாமிப் படத்தைக் கழற்றிப் பின்னால் பார்க்கிறார்கள். தங்களுக்குக் கட்டிய நல்வரவை மட்டும் அவர்கள் சோதிக்கமாட்டார்கள். அந்த அளவுக்குத் தங்களை நல்லவர்கள் என்று நம்புகிறவர்கள். இந்தத் தாளை நீளவாட்டில் மடித்து, சீலையின் மேல் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுவேன். நாளை அவர் தலை நிமிர்ந்து இதற்குக் கீழேதான் நடந்து வருவார். அவர் எழுதித் தந்ததை நான் கீழே நின்று வாசிக்கும்போது, நீ மேலே இருப்பாய். விழா முடிந்ததும் சீலையைக் கழற்றி மடித்து வைப்பது எங்கள் வீட்டு வேலை.

நீ வெட்டித் தந்த மற்றச் சிலுவை மெசின் லாச்சிக்குள் இன்னும் கிடக்கிறது. அதைத் தாளுக்குள் வைக்கத்தான் முதலில் எடுத்தேன். பிறகு மனம் மாறிவிட்டது. நாளை போடப்போகும் என் பள்ளிச் சட்டையின் இடது கையைப் புரட்டி, உள்பக்கத்தில் அதைத் தைத்திருக்கிறேன். வெளியே தெரியாது. நான் இன்னும் பயந்தவள்தான். ஆனால் பட்டி இப்போது இரண்டு.