துளிகூட ஜாடை இல்லை

ஆறு நிமிடம் மூத்தவளுக்கு,

நலமா என்று கேட்கத் தேவையில்லை. நேற்று கண்ணாலேயே பார்த்தேன். அப்பாவின் மருந்துச் சீட்டைக் கொடுக்க உன் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கடுகு நிறச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, தொளதொள கால்சட்டையில், பத்துப் பேருக்குக் கட்டட வரைபடத்தை விளக்கிக்கொண்டிருந்தாய். அவ்வளவு அழகு!

வரவேற்பிலிருந்த பெண்ணிடம் நாம் இரட்டையர் என்றேன். "சும்மா சொல்லாதீங்க, துளிகூட ஜாடை இல்லையே!" என்று சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சீட்டை அவளிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இருபது வயதுவரை அம்மா நமக்கு ஒரே துணியில்தான் தைத்தாள். பிறகு நீ பழைய சட்டைகளை வாங்கி, பிரித்து, மறுபடி தைத்து, உனக்கு எது பொருந்தும் என்று மூன்று வருடம் தேடினாய். ஊரே சிரித்தும் அசரவில்லை. என் கல்யாணத்தன்று நான்தான், "இன்னிக்கு ஒரு நாளாவது என்னை மாதிரி உடுத்தக்கூடாதாடி?" என்றேன். சாப்பிடக்கூட நிற்காமல் போய்விட்டாய்.

நேற்று திரும்பும் வழியில் துணிக்கடைக்குள் நுழைந்தேன். "உங்களுக்கு எந்த மாதிரி பிடிக்கும்?" என்று கேட்டார்கள். முப்பத்தைந்து வயதில் எனக்குப் பதில் தெரியவில்லை.

சனிக்கிழமை என்னோடு வருவாயா? நீ எதையும் எடுத்துத் தர வேண்டாம். நான் தேடி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றால் போதும்.

உன் இளையவள்