மூன்று பென்டேன்

நாள் 212, காலை 07:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: டைட்டன் நிலாவின் ஏகச் சக்கரவர்த்தி, மீத்தேன் ஏரிகளின் அதிபதி, வேதியியலாளர் அருளப்பன் சொல்வது. குடிமக்கள் யாருமில்லை; ஆகவே கலகமும் இல்லை. வெளியே மைனஸ் 179. கூடாரத்தின் சூட்டுக் குழாயில், சூட்டைச் சுமந்து ஓடும் பென்டேன் திரவத்தைப் புதிதாக நிரப்பினேன். ஓட்டம் சீர்.

13:40
குழாய் அடைத்தது. பம்பு வெடித்தது. உள்ளே வெள்ளைக் கல். பென்டேன் மூன்று வகை. எல்லாவற்றிலும் ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன்தான். நேர்ச்சங்கிலி மைனஸ் 130 வரை தாங்கும். ஒரு கிளை விட்ட ஐசோ, மைனஸ் 160 வரை. நடுக்கார்பனை நாலு பேர் சூழ்ந்து உருண்டையான நியோவோ மைனஸ் 16-லேயே உறையும். பீப்பாயில் பெயர் எதற்கு, அணு எண்ணிக்கை போதும் என்று உத்தரவிட்ட மாமேதை நானே. நிரப்பியது நியோ.

15:05
உள்ளே மைனஸ் 9. மேலே சுற்றும் கலத்திலிருந்து பூரணி, என் அக்கா மகள்:
"மாமா, நாலு மணி நேரத்துல இறங்குறேன். போத்திக்கிட்டு ராஜா மாதிரி உக்காருங்க."
போன வாரம் இங்கிருந்து அவள் கிளம்பும்போது, அவளுடைய இறங்குகலத்தின் சூட்டுத் தொட்டிக்கும் அதே பீப்பாயிலிருந்துதான் நிரப்பிக் கொடுத்தேன். மேலே வெதுவெதுப்பு. இங்கே வந்தால் உறையும், பிறகு எழும்பாது.

15:20
வராதே, உன் தொட்டியும் உறையும் என்றேன்.
"போன மாசம் ஏரியில திமிங்கிலம் பாத்தேன்னீங்க. நிலநடுக்கத்த ஒத்தக் கையால நிறுத்தினேன்னீங்க. இப்ப இதுவா? சும்மா இருங்க மாமா."

16:30
உள்ளே மைனஸ் 38. விரல்கள் யாருடையவோ. வலியில்லை. பயப்பட வேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. அவளிடம் சொன்னேன்: உன் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடு. குளிர்ப்பெட்டியில் மைனஸ் இருபதில் வை. பார்.

17:15
"மாமா... கல்லாயிருச்சு."
பிறகு அவளே கேட்டாள்:
"அப்ப நீங்க?"
"எனக்கென்ன புள்ள, இங்க வேர்த்துக் கொட்டுது."
"புளுகாதீங்க."
அவள் இறங்கவில்லை. அது போதும்.

19:50
மைனஸ் 71. இந்தக் குறிப்பேடு குரலைக் கேட்டுத் தானே எழுதிக்கொள்ளும். வானொலிக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். கை போகவில்லை. கலம் தலைக்கு மேல் வரும்போதெல்லாம் கூப்பிடுகிறாள்.
"மாமா, இருக்கீங்களா?"
இருக்கேன் புள்ள.
"மாமா? ஏதாவது புளுகுங்க மாமா."
இருக்கேன். இங்கதான்
"மாமா?"
இரு