துடுப்பு உன் பொறுப்பு

ஜூன் 4

அன்புள்ள டீச்சருக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி எங்கே வைத்தாய்? மூன்று வருடத்தில் நான் எழுதிய பதினொரு கடிதத்துக்கு நீ போட்ட பதில் இரண்டு. அதிலும் ஒன்று, உன் தையல் மிஷினை அனுப்பச் சொல்லி.

நம் படகை நேற்று ஏரியில் இறக்கினேன். பாதி தூரத்தில் காற்று நின்றுவிட்டது. பாயை இறக்கிச் சுருட்டிவிட்டு நானே துடுப்பு போட்டேன். ஆமாம், நானேதான், சிரிக்காதே. துடுப்பு போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது நேற்றுதான் எனக்கு உறைத்தது. பத்து வருடம் நீ அப்படி உட்கார்ந்து வலித்தாய். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, "இடது, இன்னும் இடது" என்று அதிகாரம் பண்ணினேன். வழி சொல்ல ஆளில்லாமல் படகு நேராக நாணலில் போய் முட்டியது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

வீட்டுக்கு வந்துவிடேன். கொப்புளத்துக்காகச் சொல்லவில்லை.

உன்
கேப்டன்

ஜூன் 15

அன்புள்ள கேப்டனுக்கு,

கொப்புளத்தை உடைக்காதீர்கள். உங்கள் கை சும்மா இருக்காது, அதனால்தான் முதலில் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் இந்த வருடம் எனக்கு ஐந்தாம் வகுப்பு. என் அறைக்கு மேலே குடியிருப்பவர் நாள் முழுக்க நாற்காலியை இழுக்கிறார், எங்கேதான் கொண்டுபோகிறாரோ. அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

உங்கள் மேல் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்களுமா? பாய் உங்கள் பொறுப்பு, துடுப்பு என் பொறுப்பு என்று கல்யாணமான வருடமே பிரித்துக்கொண்டோம். துடுப்புக்கு எண்ணெய் பூசிக் கொட்டகையில் காய வைத்தவள் நான். அன்று அதைத் திரும்பப் படகில் வைத்தேனா என்று பார்க்காமல் ஏறி உட்கார்ந்தவளும் நான்தான். ஆஸ்பத்திரியில் என் அப்பா தேறிவருகிறார், ஒரு மணி நேரம் போய் வரலாம் என்று போனைக்கூடக் கரையில் வைத்துவிட்டுப் போனோம். காற்றில்லாமல் ஐந்து மணி நேரம் நடு ஏரியில் கிடந்தோம். அடிப்பலகையைப் பிடுங்கித் துழாவித்தான் கரை சேர்ந்தேன். போய்ப் பார்த்தால் அப்பா இல்லை. "ரெண்டு தடவ உங்களத்தான் கேட்டாரு" என்றாள் நர்ஸ்.

நீங்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தலையைத் தடவி, "விடும்மா, மறதி யாருக்குத்தான் இல்ல" என்றீர்கள். அந்த நல்ல மனசுக்கு முன்னால் நிற்க முடியாமல்தான் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

போதும், எனக்கும் அலுத்துவிட்டது. இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். பெட்டி பெரிது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்
டீச்சர்

ஜூன் 19

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஆபீஸ் போய் வந்தேன். நீ வந்தபின் சொல்லலாம் என்று பார்த்தேன். வந்துவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

நீ மறக்கவில்லை. துடுப்பைத் திரும்ப வைத்திருந்தாய், பலகைக்கடியில், கயிறு கட்டி, எப்போதும் போல. அவிழ்த்துக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தவன் நான்.

அதற்கு முந்தின வாரம் பக்கத்துப் படகுக்காரர், "சார் படகுக்கு எதுக்குப் பாய்? அதான் வீட்டம்மா இருக்காங்களே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாரே. நீயும் சிரித்தாய். எனக்குச் சுருக்கென்றது. ஒரு தடவையாவது காற்றை மட்டும் வைத்துக் கரைசேர்ந்து காட்ட வேண்டும் என்று வீம்பு. துடுப்பு இருந்தால் நீ கையில் எடுத்துவிடுவாய்.

காற்று நின்றதும், "ஐயோ, நான்தான் மறந்துட்டேன்" என்று நீயே சொன்னாய். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பலகையைப் பிடுங்கி உன் நகம் பெயர்ந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. கோழை நான். அப்புறம் ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிவிட்டேன்.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் வா. ஸ்டேஷனில் நிற்பேன்.

உன்
கேப்டன்

ஜூன் 24

கேப்டனுக்கு,

நான்கு முறை படித்தேன். துடுப்பை ஒளித்ததை மன்னித்துவிட்டேன், நிஜமாகத்தான். காற்று நிற்கும் என்றோ, அப்பா போவார் என்றோ நீங்கள் கனவா கண்டீர்கள்? அன்று எல்லோர் முன்னாலும் நான் சிரித்திருக்கக் கூடாது. அது என் தப்பு.

ஆனால் தலையைத் தடவினீர்களே, அதை என்ன செய்வது?

மூன்று வருடமாகக் கதவைப் பூட்டினால் நான்கு தடவை இழுத்துப் பார்க்கிறேன். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகச் சொன்னால், என்னை நம்பி அனுப்பாதீர்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறேன். என்னால்தான் அப்பா யாருமில்லாமல் போனார் என்று அக்காவிடம் நானே சொல்லி, அவளும் என்னை ஒதுக்கிவிட்டாள். இத்தனையையும் நீங்கள் ஒரே வார்த்தையில் தீர்த்திருக்கலாம்.

நேற்று அக்காவுக்கு போன் பண்ணி உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "இத்தன நாளா உன்னப் போய் நான்..." என்று உடைந்து அழுதாள். நானும் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். அங்கேயே இருக்கச் சொல்கிறாள்.

நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் உங்களிடம்தான் வந்திருப்பேன். அது தெரிந்தும் எழுதினீர்கள். அதற்காக உங்களை மதிக்கிறேன்.

ஸ்டேஷனில் நிற்காதீர்கள்.

டீச்சர்